ஊர் இட்ட பெயரும் தாம் இட்ட பெயரும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



தலைவர் அவர்கள் சற்று முன்பு என்னை அறிமுகஞ் செய்தபோது என் முழுப் பெயரையும், தந்தையார் பெயரையும், நான் பயிலும் துறையையும் எடுத்துரைத்தார்கள். அவ்வேளை பின்வரிசையிலிருந்த நண்பர்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பெரியோர்கள் கவனித்திருப்பீர்கள். அவர்களுக்கு அந்த முழுப் பெயர் புதினமானது. அவர்களைப் பொறுத்தவரை நான் 'ஆமென்'. ஆறாம் வகுப்பிலே மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றிற் சேர்ந்தேன். காலைப் பிரார்த்தனை முடிவில் எல்லா மாணவருஞ் சேர்ந்து 'ஆமென்' என்பது அங்கே வழக்கம். என் குரல் இயற்கையிலேயே கனத்தது. மண்டபம் நிறைந்த பிள்ளைகள் சொல்லும் ஆமெனில் என்னுடையது மட்டுந் தனியே கேட்டதாம். ஒரு கிழமைக்குள் பெயர் ஒட்டிவிட்டது. நெற்றி நிறையத் திருநீற்றோடு போன பையனுக்கு ஆமென் என்று பெயர்! இன்று இந்து இளைஞர் மன்றத்து மேடையிலே ஆமென் பேசுகிறான் என்றால் அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆகவேதான் பேச்சுக்குப் பொருள் கேட்டபோது பட்டப்பெயர் என்றேன். இக்கால இளைஞர் இணையத்திலே தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் பயனர்பெயரையும் அதனோடு சேர்த்துக்கொண்டேன். இரண்டும் விளையாட்டுச் சங்கதி என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறேன்.

ஊரார் ஏன் பட்டப்பெயர் வைத்தார்கள்? வாய்க்கொழுப்பினால் என்று அம்மாமார் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அது இல்லாமற் காரியம் நடவாது என்பதே. எங்கள் பூட்டன், பாட்டன் காலத்தில் ஓர் ஊரிலே புழங்கிய பெயர்கள் மிகச் சொற்பம். கந்தையா, வேலுப்பிள்ளை, சின்னத்தம்பி, பொன்னையா, நாகலிங்கம். பெண்களில் நாகம்மா, செல்லம்மா, இராசம்மா. போதாக்குறைக்குப் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே! ஒரு பாட்டனுக்கு நாலு ஆண்மக்கள் இருந்து, நால்வருந் தத்தம் மூத்த பிள்ளைக்குத் தகப்பன் பெயரை வைத்தால், ஒரே ஒழுங்கையில் நாலு கந்தையா. தபாற்காரன் யாரிடங் கடிதத்தைக் கொடுப்பான்? கடன் கொடுத்தவர் யார் வீட்டுப் படலையைத் தட்டுவார்? மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் எந்தக் கந்தையாவைப் பற்றி விசாரிப்பார்கள்?

ஆகவே ஆலடிக் கந்தையா பிறந்தார். கிணற்றடிக் கந்தையா பிறந்தார். மலாயாவிலே ரயில்வேயிலோ திறைசேரியிலோ உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர் 'மலாயன் பென்சனியர்' ஆனார். சிலருக்குத் தொழிலே பெயராயிற்று. பரியாரியார், சட்டம்பியார், அப்புக்காத்தர், பிறக்கிராசியார் என்று நாம் சொல்வதிலே பறங்கியர் காலத்துச் சொல்லும் ஒல்லாந்தர் காலத்துச் சொல்லும் நம்முடைய 'ஆர்' விகுதியோடு சம்பந்தங் கலந்து நிற்கின்றன. விதானைமார் பதவியை அரசாங்கம் 1963ஆம் ஆண்டிலே நீக்கிக் கிராம சேவகர் என்ற பதவியை ஏற்படுத்திற்று. அறுபது ஆண்டுக்கு மேலாகியும், குடும்ப அட்டைக்குக் கையொப்பம் வாங்கப் போகிறவர் இன்னும் "விதானையாரிட்டைப் போயிட்டு வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார். அரசாங்க வர்த்தமானியிலும் பார்க்க ஊர் வாய்க்கு ஆயுள் அதிகம்.

இந்த 'அர்', 'ஆர்' விகுதியைச் சற்றுக் கவனியுங்கள். கட்டையாக இருப்பவரைக் கட்டை என்று ஊர் சொல்வதில்லை, கட்டையர் என்கிறது. நெட்டையர், சுருட்டர், சண்டியர். பகிடி பண்ணும்போதே கை கூப்பியும் விடுகிறது. யாழ்ப்பாணத்துப் பட்டப்பெயரின் தனிச்சுவை இதுவே என்பது என் எண்ணம். 'சிரித்திரன்' ஆசிரியர் தம் கேலிச்சித்திரப் பாத்திரத்துக்குச் சவாரித்தம்பர் என்று பெயரிட்டபோது, மாட்டுவண்டிச் சவாரியிலே பித்துக்கொண்ட ஒரு முழு மனிதர் அந்த ஒரு சொல்லில் எழும்பி வந்துவிட்டார். தம்பன் என்று போட்டிருந்தால் அந்த மனிதர் வந்திருக்கமாட்டார்.

அந்தச் சிரித்திரன் ஆசிரியரின் பெயர் சிவஞானசுந்தரம். ஈழத்து இலக்கியத்திலே அப்பெயருடையோர் அவர் ஒருவர் மட்டுமல்லர். 'இலங்கையர்கோன்' என்று கதை எழுதியவரும் சிவஞானசுந்தரம். 'நந்தி' என்ற பெயரில் நாவல்கள் எழுதியவரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவப் பேராசிரியராக விளங்கியவருமான டாக்டரும் சிவஞானசுந்தரம். மூவருந் தத்தம் சொந்தப் பெயரிலே எழுதியிருந்தால் பத்திரிகைக் காரியாலயங்களில் எத்தனை கடிதங் கைமாறிப் போயிருக்கும்! ஒருவர் இராவணனின் பட்டத்தை எடுத்தார். ஒருவர் சிவபெருமானின் வாகனத்தை எடுத்தார். மூன்றாமவர் தம் பெயரின் வாலை மட்டும் வெட்டிச் 'சுந்தர்' ஆனார். ஊர் கந்தையாமாருக்குச் செய்ததையே இவர்கள் தமக்குத் தாமே செய்துகொண்டார்கள்.

புனைபெயர் எடுப்போர் பலருக்கு ஊரே கைகொடுத்திருக்கிறது. சில்லாலையிற் பிறந்த செல்வராசன் சில்லையூர் செல்வராசன் ஆனார். எங்கள் ஊருக்கும் அந்தப் பெருமை உண்டு. 1930இல் இங்கே பிறந்து, கல்கத்தாவிலே பட்டம் பெற்று, 'மேடும் பள்ளமும்' முதலிய கதைத் தொகுதிகளைத் தந்து, 2020இல் மறைந்த முற்போக்கு எழுத்தாளர் நீர்வை பொன்னையன். பொன்னையன் என்ற பெயர் யாழ்ப்பாணத்திலே எத்தனை பேருக்கு? 'நீர்வை' என்ற மூன்றெழுத்து வந்து முன்னே நின்றதும் அது ஒருவருக்கே உரியதாயிற்று. ஊர் தன் பெயரைக் கொடுத்தது; அவர் அந்த ஊர்ப் பெயரைத் தம் புத்தக அட்டைகளிலே அச்சேற்றித் திருப்பிக் கொடுத்தார். அவருடைய அரசியலோடு இங்குள்ள பெரியோர் சிலர் உடன்படமாட்டார்கள் என்பதை அறிவேன். பெயர்க் கணக்கில் அது வேறு விஷயம்.

காங்கேசன்துறையைச் சேர்ந்த வள்ளிநாயகி என்னும் அம்மையார் 'குறமகள்' என்று எழுதினார். வள்ளியை அறிந்த எவருக்கும் அதற்குக் காரணஞ் சொல்ல வேண்டியதில்லை. 'மல்லிகை' ஆசிரியர் டொமினிக், பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின்மேற் கொண்ட பற்றினால் ஜீவா என்பதைச் சேர்த்துக்கொண்டு டொமினிக் ஜீவா ஆனார். ஞானஸ்நானப் பெயரும் பொதுவுடைமைப் பெயரும் ஒரே ஆளிற் சண்டையின்றிக் குடியிருந்ததைப் பாருங்கள்.

நிற்க. இனி இணையத்துக்கு வருவோம். பெரியோர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றலாம்; ஆனால் அங்குள்ளதும் நாலு கந்தையாவின் கதைதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. கல்வி நிலையத்திலே ஒரே பெருங் கணினியைப் பலர் ஒரே நேரத்திற் பாவிக்கும் முறை வந்தது. யாருடைய வேலை எது என்று இயந்திரம் பிரித்தறிய வேண்டாமா? ஆகவே ஆளுக்கொரு தனி அடையாளமும் ஓர் இரகசியச் சொல்லும் வேண்டியதாயிற்று. பின்னர் 1971இல் ரே தொம்லின்சன் என்னும் பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பியபோது, ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவிலே ஒரு குறியை வைத்தார். சுருண்ட வாலுடைய அந்தக் குறிதான் இன்று உங்கள் பேரப்பிள்ளைகளின் மின்னஞ்சல் முகவரி நடுவே இருப்பது. இன்னார், இன்ன இடத்திலே என்பது அதன் பொருள். ஆலடிக் கந்தையா என்பதும் அதைத்தானே சொல்கிறது?

இயந்திரமும் ஊரைப்போல ஒரு பெயரை ஒருவருக்கே கொடுக்கும். ஆனால் ஊருக்குள்ள கற்பனை அதற்கில்லை. நீங்கள் உங்கள் பெயரை அடித்தால், "இது ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது" என்கிறது. பிறகு உங்கள் பெயருக்குப் பின்னால் நாலைந்து இலக்கத்தை ஒட்டி, இது வேண்டுமா என்று கேட்கிறது. ஆலமரத்தைக் காட்டி அடையாளஞ் சொன்ன ஊருக்கும், 237 என்று அடையாளஞ் சொல்லும் இயந்திரத்துக்கும் எவ்வளவு தூரம்!

2002ஆம் ஆண்டு சமாதான காலத்திலே ஏ9 பாதை திறந்தபின் யாழ்ப்பாணப் பட்டினத்தில் இணைய நிலையங்கள் பெருகின. எங்களுக்கு மூத்த அண்ணன்மார் மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து அங்கே போய்க் குந்தியிருந்து முதன்முதலாகத் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய பெயர்களிலே யாழும் ஈழமும் புயலும் நிலவும் இருந்தன. பத்திரிகைக்குக் கவிதை எழுதுகிறவர் பெயர் மாதிரியே இருக்கும். எங்கள் காலத்தில் தலயும் தளபதியும் வந்தார்கள். அதற்குப் பின்னே வந்த தம்பிமார் கைத்தொலைபேசியிலே துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறவர்கள். அவர்களுடைய பெயர்களை இந்தச் சபையிலே சொல்ல முடியாது. என் நண்பன் ஒருவன் பன்னிரண்டு வயதிலே 'கொலைவெறி' என்று தொடங்கும் மின்னஞ்சல் முகவரியை அமைத்துக்கொண்டான். ஏழெட்டு ஆண்டு கழித்து ஓர் அலுவலகத்திலே பதிவுக்குப் போனபோது, அங்கிருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக அதை உரத்து வாசித்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்களாம். அவன் மிகவும் சாதுவான பையன்.

என் பெரியம்மாவின் மகள் கனடாவிலே பிறந்தவள். அங்கே தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர் என்றாகிவிடுகிறது. ஆசிரியர்மார் அவளைத் தகப்பன் பெயரால் அழைக்கிறார்கள். அதையும் பாதியிலே முறித்து அழைக்கிறார்கள். அவள் நீர்வேலிக்கு இரண்டு தரந்தான் வந்திருக்கிறாள். இரண்டு தரமும் நுளம்புக்கடியைப் பற்றித்தான் கூடப் பேசினாள். ஆனால் இணையத்திலே அவள் தனக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ஆங்கில எழுத்திலே 'நீர்வேலி வாழைக்குட்டி'. யாருஞ் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த இலக்கமும் பின்னால் இல்லை. அந்தப் பெயரை அவளுக்கு முன் உலகில் எவரும் எடுத்திருக்கவில்லை.

தானாக எடுக்கும் பெயர் ஒருவகை. ஊர் கொடுக்கும் பெயர் இன்னொருவகை. மூன்றாவது ஒரு வகையும் எம் நாட்டிலே இருந்தது. முன்பின் கண்டறியாத ஒருவர் கடலுக்கு அப்பாலிருந்து கொடுத்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டிலே அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையிலும் பிற இடங்களிலும் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பித்தபோது, அமெரிக்காவிலுள்ள உபகாரிகள் பணம் உதவினார்கள். உதவியவர் விரும்பிய பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாம் தமிழிலக்கிய வரலாற்றிலே படிக்கும் பெயர்களின் முற்பாதி இவ்வகையானது. பிற்பாதியை அவர்கள் விடவில்லை என்பதையும் பாருங்கள். ஆர்னல்ட் என்ற பெயரோடு ஒருவர் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதித் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். மிஷன் பள்ளியிற் படித்தவன் என்ற முறையிலே சொல்லுகிறேன்: அந்தப் பெயரால் அவர் தமிழ் குறையவுமில்லை, அந்தப் பெயரை வைத்தவருக்கு அதனால் தமிழ் தெரிந்துவிடவுமில்லை.

எங்கள் பக்கத்து ஊர்ச் சிறுப்பிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர், 1857இலே தேறியவர், தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். சிறுப்பிட்டி வைரவநாதர் என்ற ஊரும் தந்தையும் அந்தச் 'சி. வை.'யிலே இருக்கின்றன. அவருடைய மகன் அழகசுந்தரம் கிறித்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரில் வாழ்ந்தார். அந்தக் கிங்ஸ்பெரிப் பாதிரியார், பிலிப்ஸ் என்னும் இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து 1921இலே சைவ நாயன்மாரின் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இந்த வீடு ஒரு சிக்கல்தான்.

நாவலர் பெருமானும் மிஷன் பள்ளியிலே படித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவரே. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தை அளித்தது. பட்டம் பெற்ற நாவலர்கள் அதற்குப் பின் எத்தனையோ பேர். ஆயினும் யாழ்ப்பாணத்திலே வெறும் 'நாவலர்' என்றாற் சிறு பிள்ளையுங் கந்தபிள்ளையின் மகன் ஆறுமுகத்தைத்தான் நினைக்கும். பட்டம் பெயரை விழுங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறானது நல்லூர்த் தேரடியிலே நடந்தது. அங்கே திரிந்த செல்லப்பா சுவாமிகளை ஊர் 'விசர்ச் செல்லப்பா' என்றது. அது வாழ்த்தல்ல, வசை. அவரோ அதை மறுத்து யாரோடும் வழக்காடவில்லை. பட்டினத்திலே கடை கடையாகத் திரிந்தவர் கடையிற் சுவாமிகள் ஆனார். குடையோடு திரிந்தவர் குடைச்சுவாமி ஆனார். ஜேர்மனியிலிருந்து வந்து செல்வச்சந்நிதிப் பக்கம் தங்கியிருந்த கௌரிபாலர் ஜேர்மன் சுவாமி. கையில் என்ன இருந்ததோ, எங்கிருந்து வந்தாரோ, அதையே பெயராக வைத்துவிட்டு ஊர் கும்பிடவும் தொடங்கிவிட்டது. விசர் என்ற சொல்லை இன்று செல்லப்பா சுவாமிகளின் பெயருக்கு முன்னே பக்தர்கள் பயபக்தியோடு சொல்கிறார்கள்.

ஆனால் எல்லாரும் செல்லப்பா சுவாமிகள் அல்லர். சூட்டிய பெயரை உதறிவிடும் வலிமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பெரியோர்கள் முகஞ் சுளித்தாலும் நான் சொல்லித்தான் ஆகவேண்டிய பகுதி இது.

சற்று முன்னே 'அர்' விகுதியைப் புகழ்ந்தேன். அந்த 'அர்' எம் ஊர்களிலே எல்லாருக்குங் கிடைக்கவில்லை. சாதியின் பேரால் ஒடுக்கப்பட்டவர்கள் தம் பிள்ளைக்குக் கந்தையா என்றோ கந்தப்பிள்ளை என்றோ பெயர் வைக்க விரும்பினால் அதற்குத் தடை இருந்தது. கந்தன் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கு 'அம்மா' என்று முடியும் பெயர் ஆகாது. நரைத்த தலையோடு படலையில் நின்றவரை வீட்டுச் சிறுபிள்ளை 'அவன்' என்று சொல்லும், யாருந் திருத்தமாட்டார்கள். அது பட்டப்பெயர்கூட அல்ல. பெற்ற தாய் வைக்க விரும்பிய பெயரின் கடைசி எழுத்தை ஊர் வெட்டி எடுத்துக்கொண்டது. நாலு கந்தையாவைப் பிரித்தறிவதற்காகப் பெயர் வைத்த அதே ஊர், கந்தனைக் கந்தனாகவே வைத்திருப்பதற்கும் பெயரைத்தான் பாவித்தது.

1957இலே, சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களிலும் கோயில்களிலும் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டிலே வந்தது. 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் வந்து நின்றபோது அவர்களுக்கு எதிரே நின்றவர்களிலே முதன்மையானவர் சி. சுந்தரலிங்கம் அவர்கள். கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் இருந்த பெரிய படிப்பாளி. அவருக்கு நாட்டிலே வழங்கிய பெயர் 'அடங்காத் தமிழர்'. அடங்கமாட்டேன் என்று நின்றவர், அடங்கமாட்டோம் என்று வந்து நின்றவர்களை அடக்க நின்றார். இதற்கு மேல் நான் விளக்கவில்லை.

உடம்பிலுள்ள குறையைக் கொண்டு வைக்கும் பெயர்களும் இதற்குத் தூரத்து உறவுதான். எங்கள் வகுப்பிலே சொல் திக்குகின்ற ஒரு மாணவன் இருந்தான். அவனுக்கு ஒரு பெயர். வைத்தவர் ஓர் ஆசிரியர். பெயரை இங்கே சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து சில ஆண்டுக்குப் பின் பழைய வகுப்பார் எல்லாருஞ் சேர்ந்து வாட்ஸ்அப்பிலே ஒரு குழு அமைத்தார்கள். அவனைச் சேர்த்தவுடனே பத்துப் பேர் அந்தப் பழைய பெயரைச் சொல்லி வரவேற்றார்கள். அன்போடுதான் வரவேற்றார்கள், அதிற் சந்தேகமில்லை. அவன் ஒரு சொல்லும் எழுதாமல் வெளியேறிவிட்டான். இப்போது அவன் கட்டார் நாட்டிலே வேலை செய்கிறான் என்று கேள்வி.

மறுக்கும் வசதி படைத்தவர் மறுக்கலாம். நடிகர் அஜித்குமார், 2021 டிசம்பரிலே, இனித் தம்மைத் 'தல' என்று எழுத வேண்டாம், அஜித் என்றோ ஏகே என்றோ சொன்னாற் போதும் என்று அறிக்கை விட்டார். இலட்சக் கணக்கான இரசிகர் அன்போடு வைத்த பெயரை ஒருவர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அறிக்கை விட்டால் அச்சிடப் பத்திரிகைகள் காத்திருக்கின்றன. திக்குவாய்ப் பையனுக்கு யார் அச்சிடுவார்கள்?

இன்னொரு வகைப் பெயரைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொல்லி அப்பாற் செல்கிறேன். யுத்த காலத்திலே இயக்கங்களுக்குப் போன பிள்ளைகள் வேறு பெயர் பெற்றார்கள். வீட்டாருக்குக் கேடு வரக்கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். பதிவிலே ஒரு பெயர். வீட்டிலே செல்லமாக ஒரு பெயர். அங்கே இன்னொரு பெயர். கூட நின்றவர்களுக்கு வீட்டுப் பெயர் தெரியாது. தாய்க்கு அங்கத்தைய பெயர் தெரியாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியில் வீதியோரத்திற் குந்தினார்கள்; ஆண்டுகள் பல சென்றும் தேடுகிறார்கள். ஒரு பெயரை வைத்துக்கொண்டு தேடும் தாயும், இன்னொரு பெயரை மட்டும் அறிந்த சாட்சியும் ஒரே பந்தலில் அருகருகே இருந்தாலும், ஒரே பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை அறியாமற் போகலாம்.

இனி என் அம்மப்பாவைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அவருக்கு ஊரில் 'மூண்டுமணியர்' என்று பெயர். வாழைத் தோட்டக்காரர். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பித் தண்ணீர் மாறப் போவார். வெறுமனே போகமாட்டார், படலையடியில் நின்று, "மூண்டு மணியாச்சு, எழும்புங்கோ" என்று அயலட்டைக்கும் ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் போவார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டு எழும்பினார்கள் என்று அவர் சொல்வார். நித்திரை கெட்டவர்கள்தான் பெயரை வைத்தார்கள் என்று அம்மம்மா சொல்வார். அம்மம்மாவுக்கு அந்தப் பெயர் கண்ணிலுங் காட்டக்கூடாது.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்திலே மழையும் இருட்டும் சனமும். அப்போது என் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை. சன நெருக்கத்திலே தகப்பனைத் தவறவிட்டுவிட்டார். அடுத்த நாள் கொடிகாமத்திலே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அம்மம்மாவுந் தானும் ஒரு மூலையிற் குந்தியிருந்தபோது, வாசலிலே நின்று ஒருவர் கூப்பிட்டாராம்: "இதுக்குள்ளை நீர்வேலி மூண்டுமணியற்றை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" அம்மப்பாவின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அந்த மண்டபத்திலிருந்து ஐந்து குடும்பமாவது எழும்பியிருக்கும். எழும்பியது ஒரு குடும்பந்தான். முதலில் எழும்பியவர் அம்மம்மாவாம்.

அம்மப்பா காலமானபோது வீட்டிலே ஒரு சிறு வழக்கு நடந்தது. மரண அறிவித்தலை எழுதியவர் மாமா. முழுப்பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், மருமக்கள் எந்தெந்த நாட்டிலே என்பதெல்லாம் எழுதிவிட்டு, பிறைக்கோட்டுக்குள்ளே பட்டப்பெயரைப் போடுவதா விடுவதா என்று பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாரிசிலிருந்து சின்னமாமா தொலைபேசியிலே, "போடு அண்ணை, போடாட்டி ஆருக்குத் தெரியும்?" என்றார். பெரியம்மா, "பேப்பரிலையும் பகிடியோ?" என்று அழுதார். போடவில்லை. ஆனால் அடுத்த நாட் காலை சந்தியிலே இளைஞர்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலே, அம்மப்பாவின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்திலே மூண்டுமணியர் என்றுதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் தமக்கு விஷயந் தெரியும் என்று திருநெல்வேலிச் சந்தையிலிருந்து இரண்டு வாழைக்குலை வியாபாரிகள் வந்தார்கள். முப்பது ஆண்டாக அவரிடங் குலை வாங்கியவர்கள். முழுப் பெயர் அவர்களுக்கு அன்றுவரை தெரியாது.

அப்போது அம்மம்மா என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். ஒன்றுஞ் சொல்லவில்லை. அந்தியேட்டி முடிந்தபின் பதாகையைச் சுருட்டி வீட்டுக்குள்ளே வைக்கச் சொன்னார்.

அன்பர்களே, இந்த விழா ஒழுங்குகளின்போது மன்றச் செயலாளரிடம் ஓர் அனுமதி கேட்டுப் பெற்றேன். எங்கள் வாசிகசாலையிலே, பத்திரிகை வைக்கும் மேசையின் ஓரத்தில், ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வூரிலே வழங்கிய, வழங்குகிற பட்டப்பெயர்களையும் அவை வந்த கதைகளையும் அதிலே எழுதலாம். இணையத்துப் பெயர்களையும் எழுதலாம். இருபது ஆண்டு கழித்து அவற்றுக்கும் விளக்கந் தேவைப்படும். நிபந்தனை ஒன்றே ஒன்று: பெயருக்கு உரியவர் தம் கையால் எழுத வேண்டும். அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எழுத வேண்டும். மற்றவர் பெயரை மற்றவர் எழுதக்கூடாது. எழுதியதை வெட்டவும் உரியவருக்கு உரிமை உண்டு.

நேற்று மாலை வரை ஆறு பக்கம் நிரம்பியிருந்தது. ஒரு பக்கத்திலே யாரோ ஒரு பெயரை எழுதி, அதைத் தாமே வெட்டி, அதற்குப் பக்கத்தில் முழுப்பெயரை மிக அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். கதை ஒன்றும் எழுதவில்லை. பேனை மேசைக் காலில் நூலாற் கட்டியிருக்கிறது. தயவுசெய்து அவிழ்த்துக்கொண்டு போகாதீர்கள்.